கோளாம்பியின் தாடை

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் கோளாம்பியைப் போல் வாயைத் திறந்தவனும் கிடையாது, கோளாம்பியைப் போல் வாயை இறுக்கியவனும் கிடையாது. இரண்டு சாதனையும் ஒரே வாயில்.

கோளாம்பி என்பது ஆட்டோவின் தலைமேல் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி. அதன் பெயரே அவனுக்கும் ஆகிவிட்டது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம், நான் பார்த்ததில்லை. ஸ்டீபன் ஓட்டும் ஆட்டோவின் பின்சீட்டில், மடியில் ஆம்ப்ளிஃபயரும் கையில் மைக்குமாக அவன் ஏறி உட்கார்ந்தால், கொல்லயிலில் தொடங்கிக் காஞ்சிரங்குளம் வரைக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். கோயில் உற்சவம், சர்ச் கன்வென்ஷன், கண் சிகிச்சை முகாம், மரண அறிவிப்பு, கோழிக்குஞ்சு விற்பனை எல்லாம் அவன் குரலில்தான். முதலில் மலையாளம், பிறகு தமிழ். மலையாளத்தில் பதினெட்டு விநாடி பிடிக்கும் செய்தி தமிழில் இருபத்து மூன்று விநாடி பிடிக்கும். கடிகாரம் வைத்துப் பார்த்தவன் நான். காரணம் கேட்டேன். "தமிழுல கொஞ்சம் மரியாத கூடுதல் சாறே" என்றான்.

பேசாத நேரத்தில் பல்லைக் கடிப்பான். ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் போவதற்குள் கன்னத்தின் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்குத் தசை புடைத்துவிடும். கையில் இருக்கும் அறிவிப்புச் சீட்டையே வெறித்துக்கொண்டிருப்பான். என்ன கோபம் என்று கேட்டதற்கு, கோபம் இல்லை, பெயர் பயம் என்றான். "ஒரு மனுசன் எழுவது வருசம் சுமந்த பேராக்கும். நான் ஒரு நிமிசத்துல அதத் தெற்றிச் சொல்லப்பிடாதுல்லா?"

அந்தப் பயம் கடைசியில் தாடையில் வந்து உட்கார்ந்தது. ஒருநாள் உற்சவ அறிவிப்பு என் வீட்டைத் தாண்டும்போது, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒலிபெருக்கியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரே அறிவிப்பில் பதினான்கு 'டக்'. மைக் செட் வாடகைக்கு விடும் சுகுமாரனிடம் எண்ணிக்கையோடு புகார் சொன்னேன். அவர் மைக்கை மாற்றினார். 'டக்' போகவில்லை. வயரை மாற்றினார், ஆம்ப்ளிஃபயரை மாற்றினார், கூம்பையே கழற்றி வேறு கூம்பு மாட்டினார். புத்தம் புது செட்டில் 'டக்' முன்னைவிடத் துல்லியமாகக் கேட்டது. கடைசியில் வயரைப் பிடுங்கிவிட்டு, வெறும் வாயால் சொல்லச் சொன்னார். அப்போதும் 'டக்'. சுகுமாரன் தன் காதைக் கோளாம்பியின் கன்னத்தில் வைத்து, இதயத்தைப் பரிசோதிக்கும் வைத்தியர் போலக் கண்ணை மூடிக் கேட்டார்.

"செட்டுக்கு ஒரு கேடும் இல்ல" என்றார். "ஆளுக்க தாடையாக்கும் கேடு."

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் ஒரு பல் டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் ஒரு சின்னப் பெண். அவன் தாடை மூட்டில் விரல் வைத்து, திற, மூடு என்று ஆறு முறை செய்யச் சொன்னார். பிறகு விளக்கினார். நமக்குத் தெரியாமலே பகலெல்லாம் பல்லைக் கடிக்கிறோம். அதனால்தான் காதோரம் வலி, காலையில் தலைவலி. சாப்பிடும் நேரம் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடவே கூடாது. உதடு மூடியிருக்கலாம், பல் பிரிந்திருக்க வேண்டும், நாக்கு மேலே அண்ணத்தில் சும்மா கிடக்க வேண்டும். வெதுவெதுப்பான துணி ஒத்தடம் பத்து நிமிடம். மெதுவான சாப்பாடு. கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் முஷ்டியை முட்டுக் கொடுக்க வேண்டும்.

"வாயப் பெரிசாத் திறந்திராதீங்க அண்ணா. தாடை இறங்கி மாட்டிக்கிடும். அது ரெண்டு மூணு தடவ ஆச்சுன்னா, பிறகு மைக்க வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியதுதான்."

திரும்பி வரும் பஸ்ஸில் கோளாம்பி என்னிடம் ஐந்து தடவை கேட்டான். "மைக்கு போவுமா சாறே?" ஊரில் ஏற்கெனவே பென்டிரைவ் குரல் வந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் எங்கோ ஒரு பெண் பேசிப் பதிந்ததை, டிரைவர் பட்டனை அமுக்கி ஓட்டிக்கொண்டு போவான். அந்தக் குரலுக்குத் தொண்டை கட்டாது, தாடை வலிக்காது. கோளாம்பிக்கோ வேறு தொழில் தெரியாது.

ஆகவே டாக்டர் சொன்னதைச் செய்தான். பத்து மடங்காகச் செய்தான். வெந்நீரில் பிழிந்த துண்டைத் தாடையைச் சுற்றி உச்சியில் முடிந்துகொண்டுதான் ஆட்டோவில் போனான். கல்யாண விருந்தில் பப்படத்தைக்கூட சாம்பாரில் ஆறு நிமிடம் ஊறப்போட்டுத் தின்றான். ஒரு கட்சி ஊர்வலம் எதிரே வந்த நேரத்தில் கொட்டாவி வர, முஷ்டியை முகவாய்க்குக் கொண்டு போனான். ஊர்வலத்தில் பாதிப்பேர் பதிலுக்கு முஷ்டியை உயர்த்திக் கோஷம் போட்டார்கள். மறுவாரம் அவர்களுடைய பொதுக்கூட்ட அறிவிப்பு இவனுக்கே வந்தது.

டாக்டர் இன்னொரு யோசனையும் சொல்லியிருந்தார். கண்ணில் அடிக்கடி படும் இடத்தில் சின்னதாக ஒரு அடையாளம் ஒட்டி, அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்திருக்கிறோமா என்று கவனிக்க வேண்டும். கோளாம்பி தன் மனைவியின் ஒட்டுப்பொட்டு ஒன்றை ஆம்ப்ளிஃபயரில் ஒட்டினான். இன்னொன்றை ஆட்டோக் கண்ணாடியில் ஒட்டினான். பதினான்காக இருந்த 'டக்' ஒரே வாரத்தில் ஒன்பதாகக் குறைந்தது. இரண்டு பொட்டுக்கு ஐந்து குறைந்தால், இன்னும் எத்தனை பொட்டு வைத்தால் முழுவதும் போகும்? எனக்கே அப்படித்தான் கணக்குப் போடத் தோன்றியிருக்கும்.

அறிவிப்புக்கு ஆட்டோ நிற்கும் இடங்களில் எல்லாம் பொட்டு வைக்கத் தீர்மானித்தான். ஒட்டுப்பொட்டு மழையில் போயிற்று. உடனே சோடா மூடியைச் சிவப்புப் பெயின்டில் முக்கி முத்திரை குத்தத் தொடங்கினான். கலுங்கு, கரண்ட் கம்பம், கோயில் ஆர்ச், சர்ச் மதில், வீட்டு மதில் எதையும் விடவில்லை. சாப்பிட்டுவிட்டு ஊர் உறங்கும் மத்தியான நேரத்தில், ஸ்டீபன் ஆட்டோவை நிறுத்துவான். இவன் இறங்கி ஒன்று குத்திவிட்டு ஏறுவான். ஸ்டீபன் ஏதோ வேண்டுதல் நேர்ச்சை என்று நினைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டோ அங்கே நிற்பது வழக்கம் என்பதால் பார்த்தவர்களும் கவனிக்கவில்லை. பின்னால் நான் எண்ணியபோது மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.

எங்கள் ஊரில் மதிலில் சிவப்பு அடையாளம் விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ரோடு வருகிறது. முதலில் பெயின்ட், பிறகு கல், பிறகு நோட்டீஸ், பிறகு பதினைந்து வருட வழக்கு. பாம்பு வந்தால் அடிக்கலாம், பேய் வந்தால் ஓட்டலாம். சர்வே வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

என் கேட்டுத் தூணில் இரண்டு பொட்டு. ஊரார் என்னிடம்தான் ஓடிவந்தார்கள். நான் சர்வே ஆபீசில் முப்பத்தொரு வருடம் கிளார்க்காக இருந்தவன். எண் இல்லாத குறி சர்வே குறி ஆகாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சொந்தத் தூணில் சிவப்பைப் பார்த்ததும் முப்பத்தொரு வருட அனுபவம் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டது. பொட்டுக்குப் பொட்டு அடி வைத்து அளந்தேன். காகிதத்தில் கோடு போட்டேன். கோடு என் சமையலறையில் நுழைந்து, கிணற்றின் நடுவே இறங்கி, சுகுமாரனின் செட் கொடௌன் வழியாக வெளியேறியது. "நாலுவரிப் பாதை" என்று அறிவித்தேன். கேட்ட ஒன்பது பேரில் இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. காதோரம் விண்விண் என்று வலித்தது. என் மனைவி சரோஜம் மூன்றாம் நாள் காலையில் கேட்டாள். "நிங்க ராத்திரி முழுக்க பல்லு வச்சு அரிசியா பொடிக்கிறிய?" எனக்கு மட்டுமல்ல. அந்த வாரம் வழியில் பார்த்தவர்களில் மூன்றில் ஒருவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டுதான் நடந்தார். ஒருவனின் தாடையைக் குணப்படுத்த வைத்த பொட்டு, இரண்டு பஞ்சாயத்தின் தாடையைக் கெடுத்துவிட்டது.

வாசகசாலையில் கூட்டம் போட்டோம். ஆக்‌ஷன் கவுன்சில் உருவாயிற்று. கொடௌனை இழக்கப் போகிறவர் என்பதால் சுகுமாரன் தலைவர். எழுதத் தெரிந்தவன் என்பதால் நான் செயலாளர். திங்கட்கிழமை வில்லேஜ் ஆபீஸ் முன்னால் தர்ணா. அறிவிப்பை நான் எழுதினேன். படிக்க யார்? கோளாம்பிதான்.

படித்தான். இரண்டு மொழியில், இரண்டு நாள், ரத்தம் கொதிக்கும்படி படித்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தன் பொட்டைப் பார்ப்பான், பல்லைப் பிரிப்பான், அந்தப் பொட்டை வைத்தவனைத் திட்டத் தொடங்குவான். சீட்டில் 'சர்வே அடையாளம்' என்று நான் எழுதியிருந்ததால், இது வேறு ஏதோ அடையாளம், தன்னுடையது வெறும் பொட்டு என்று நினைத்துவிட்டான். மூன்றாம் நாள் காலை என் வீட்டு முன்னால் ஆட்டோ நின்றது. நான் எழுதிய வாக்கியத்தைக் கேட்க நானே கேட்டுக்கு வந்து நின்றேன்.

"நல்லவராய நாட்டுக்காரே! நம்ம மண்ணில் கள்ளத்தனமாக சர்வே அடையாளம் இட்ட அந்தக் கை எது? சிவப்புச் சாயம் படிந்த அந்தக் கை எது?"

மைக்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். ஐந்து நகத்தில் மூன்று சிவப்பு.

"கோளாம்பி, அந்தக் கையக் காட்டு."

"எந்தக் கை சாறே?"

"நீ இப்பம் கேட்டியே, அந்தக் கைதான்."

அவன் தன் நகத்தைப் பார்த்தான். என் தூணைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். மெல்ல வாயைத் திறந்தான். டாக்டர் எந்த அளவுக்குத் திறக்கக் கூடாது என்றாரோ அந்த அளவைத் தாண்டித் திறந்தான். 'டக்' என்ற சத்தம் அடுத்த வார்டுக்குக் கேட்டது. திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

நான் ஏறி உட்கார, ஸ்டீபன் ஆட்டோவை விரட்டினான். மைக் அணையாமல் பின்சீட்டில் விழுந்து கிடந்தது. கோளாம்பியால் 'ஆ' தவிர எதுவும் சொல்ல முடியவில்லை. அந்த ஆ ஊர் முழுக்க முழங்கியது. ஆம்ப்ளிஃபயரில் ஒன்பது திருகு. அணைப்பதற்காக நான் ஒவ்வொன்றாகத் திருகினேன். ஒன்று சத்தத்தைக் கூட்டியது, ஒன்று எதிரொலி சேர்த்தது. எட்டாவது திருகில் ஆ பெண்குரல் ஆயிற்று. புல்டோசர் வந்துவிட்டது, இது ஆக்‌ஷன் கவுன்சிலின் அபாயச் சங்கு என்று நினைத்து ஜனங்கள் பின்தொடர்ந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது எங்களுக்குப் பின்னால் நாற்பத்து மூன்று இருசக்கர வண்டிகள், ஒரு பால் வண்டி.

டாக்டர் இரண்டு கட்டைவிரலிலும் துணி சுற்றி, கடைவாய்ப் பற்கள்மேல் வைத்து, கீழே அமுக்கிப் பின்னால் தள்ளினார். தாடை இடத்தில் விழுந்தது. முகவாயிலிருந்து உச்சிக்குக் கட்டுப் போட்டுவிட்டு, மூன்று வாரம் ஒரு சொல்கூட பேசக் கூடாது என்றார்.

வெளியே கூட்டம் காரணம் கேட்டுக் கத்தியது. கோளாம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான். சிவப்பு நகத்தைக் காட்டினான், மைக்கைக் காட்டினான், கையை விரித்தான். கண் நிறைந்துவிட்டது. இனி எவன் கூப்பிடுவான் என்று கேட்கிறான்.

வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கைப் பிடித்தேன். பொட்டு என்ன, எதற்கு, யார் வைத்தது என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் கையை விரித்து நின்றதைப் பார்த்தபின் நிறுத்த முடியவில்லை. "பொட்டு வச்சது மட்டுந்தான் அவன்" என்றேன். "அதை ரோடு ஆக்கினது நான்."

சுகுமாரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அப்பம் எனக்க கொடௌனு போவாதா?" என்றார் சுகுமாரன்.

"போவாது."

"சாறுக்க கெணறு?"

"அதும் போவாது."

சுகுமாரன் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பால் வண்டிக்காரர் கோபமாகத்தான் இருந்தார். அவருக்குப் பால் திரிந்துவிட்டது. மீன்கார லீலா மட்டும் கூடையை இறக்கிவைத்துவிட்டு, உதட்டை மூடிப் பல்லைப் பிரித்துப் பார்த்தாள்.

"எலே மக்கா" என்றாள் ஆச்சரியத்தோடு, "நான் கல்யாணம் கழிஞ்ச நாள்முதல் கடிச்சுப் பிடிச்சோண்டாக்கும் நிக்கேன்."

பக்கத்தில் நின்றவர் முயன்று பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் நின்றவரும். ஐந்து நிமிடத்தில் அத்தனை பேரும் உதடு மூடி, பல் பிரித்து, நாக்கை மேலே ஒட்டி, நடுரோட்டில் மௌனமாக நின்றார்கள். இது எந்தக் கட்சியின் தர்ணா என்று விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். விசாரித்துவிட்டு அவரும் பல்லைப் பிரித்தார்.

மூன்று வாரத்துக்குப் பென்டிரைவ் வைக்கலாம் என்று கூட்டத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. "மூணு ஆழ்ச்சயல்லா? நிக்கட்டும்" என்று சுகுமாரன் முடித்துவிட்டார். நின்றது. வாசகசாலை ஆண்டுவிழா தள்ளிப் போயிற்று. கண் சிகிச்சை முகாம் தள்ளிப் போயிற்று. கோழிக்குஞ்சு வியாபாரியும் காத்திருந்தார். மூன்றாம் வாரம் குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்துக் கூடையைத் தாண்டிக் குதித்தன.

எனக்கு அந்த மூன்று வாரத்தில் இரண்டு தடவை நெஞ்சு எரிந்தது. சரோஜத்திடம் சொல்லவில்லை. சீரக வெள்ளம் குடித்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துப் பொறு, பொறு என்று சொல்லிச் சமாளித்தேன். என் மரண அறிவிப்பில் பெயரைத் தெற்றிவிடுவோமோ என்று பயப்படாத ஒரு குரலில் போய்ச் சேர எனக்கு மனமில்லை.