இரண்டு கண்ணும் போன வண்டி

இன்று சகலை வீட்டுக்குப் போவதில்லை என்று மெத்தைக்கடைக்காரர் காலையிலேயே சபதம் எடுத்துவிட்டார். மனசுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் எடுக்கிற வீரமெல்லாம் கல்யாணத்தோடு முடிந்துபோயிற்று.

சகலை தங்கமான மனிதர். ஆனால் புதிதாகக் கீபோர்டு கற்றுக்கொண்டிருந்தார். போன தடவை ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒவ்வொரு முறையும் "இப்போ எப்படி?" என்று கேட்டார். எழுந்து ஓடவும் வழியில்லை. கீபோர்டைப் போட்டிருந்ததே வாசல் கதவுக்குக் குறுக்கே.

ஆகவே மெத்தைக்கடைக்காரர் தன் பழைய பிக்அப் வண்டியின் ஹெட்லைட் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். கழற்றுகிற எதையும் அங்கே போடுவதுதான் அவர் வழக்கம். பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு குரல் கொடுத்தார்.

"இங்க வாயேன்! வண்டிக்கு ரெண்டு கண்ணும் போச்சு!"

மனைவி வந்தாள். "நேத்து எரிஞ்சுதே?"

"நேத்து எரிஞ்சுது. இன்னிக்கு எரியலை. வயசாச்சில்ல?"

"பல்பா?"

"பல்புதான்."

"ரெண்டும் ஒரே நேரத்துலயா?"

"ஜோடியாச்சே! ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்குமா?"

"வேற வாங்கி மாட்டுங்க."

"ஞாயித்துக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? இருட்டுல எப்படித் திரும்பி வர்றது? அக்காகிட்ட பக்குவமா சொல்லிடு."

மனைவி ஒயரை ஆட்டிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சட்டையெல்லாம் கிரீஸ். கழட்டிக் குடுங்க, ஊற வைக்கிறேன்."

ஜெயித்த குஷியில் கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு சோபாவில் காலை நீட்டினார். மனைவி போனில் பேசுவது தேனாகக் காதில் பாய்ந்தது.

"ஆமாக்கா, லைட்டு போயிடுச்சு. ராத்திரி ஓட்ட முடியாதாம். அதனால வெளிச்சத்துலயே கிளம்பி வந்துடறோம். தங்கிட்டுக் காலையில போறோம்."

மெத்தைக்கடைக்காரர் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார்.

"மாமாவுக்கு ஒரே சந்தோஷம்!" என்றாள் மனைவி. "ரெண்டு மணி நேரம் பத்தாதேன்னு கவலைப்பட்டாராம். இப்ப முழு ராத்திரியும் இருக்கே!"

"இரு, இரு! கோளாறு புரிஞ்சுபோச்சு! பல்பு இல்ல, ஃப்யூஸ்! இதோ இப்பவே..." என்று சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனார். பனியனில் பை ஏது?

குளியலறைக்கு ஓடினார். வாளிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார். சட்டை கிடைத்தது, பையும் கிடைத்தது. பைக்குள் நுரைதான் இருந்தது.

"என்னத்தைத் தேடுறீங்க?"

நுரை சொட்டும் கையோடு நிமிர்ந்தார்.

"சோப்பு நல்லா நுரைக்குதான்னு பார்த்தேன்."

அன்று சகலை இரண்டாவது பாட்டும் கற்றிருந்தார். விருந்தாளிக்குப் படுக்கை போட்டதும் கீபோர்டு இருந்த அறையிலேதான். மெத்தை என்னவோ அவர் கடை மெத்தைதான். தூக்கம்தான் வரவில்லை.

மறுநாள் காலை திரும்பி வருகையில், மனைவி கைப்பையைத் திறந்தாள். அவள் உள்ளங்கையில் அந்த ஃப்யூஸ் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

அவர் அசடு வழியச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். "குடு, மாட்டிடறேன்."

"இருக்கட்டும்," என்று அவள் பையை மூடினாள். "அடுத்த ஞாயிறு எங்க சித்தப்பா வீட்டுக்குப் போகணும். அங்கயும் ஒரு ராத்திரி தங்கணும்னு ரொம்ப நாளா ஆசை."