கண்டெய்னர் வரிசையில் ஒரு சிவப்பு கார்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. பயிற்சிப் பள்ளிக்காரரைக் கேட்டால் ஒரு மாதம் என்பார். கட்டிக்கொண்டவரைக் கேட்டால் ஆயுசுக்கும் வராது என்பார். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பவள். விசை, உராய்வு, நிலைமம் எல்லாவற்றையும் போர்டில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவள். கிளட்ச் என்ன பெரிய வித்தை என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. (இருந்தது. இறந்தகாலம்.)

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வண்ணாரப்பேட்டை பாஷா பாய். அவருடைய பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். பாதி நேரம் மருமகனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே, "சூப்பரா ஓட்றம்மா, அப்டியே போ" என்பார். நானும் போனேன். காலடிப்பேட்டையின் நெரிசலில் மாடு, மீன்பாடி வண்டி, ஸ்கூல் வேன் எல்லாவற்றையும் தாண்டினேன், வண்டி ஒருமுறைகூட அணையவில்லை. லைசென்ஸும் கைக்கு வந்தது. பிறகு எங்கள் சொந்தக் காரில், பக்கத்தில் பாய் இல்லாமல் உட்கார்ந்தபோதுதான் விஷயம் விளங்கியது. அத்தனை நாளும் காரை ஓட்டியது பாய். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூடவே போய் வந்திருக்கிறேன்.

இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அப்போதுதான் என் தங்கை மலருக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சேலம். ராயபுரத்தில் எங்கள் அம்மா வீட்டுக்கு அவர்கள் முதன்முதலாக விருந்துக்கு வருகிறார்கள். கல்யாணத்தன்றே மாப்பிள்ளையின் அம்மா, "கடலோரத்துக்காரங்க வீட்டு மீன் குழம்பு எப்படித்தான் இருக்கும்னு பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பேச்சில் ஆசை எவ்வளவு, சவால் எவ்வளவு என்று அம்மாவுக்கு இரண்டு வாரம் தூக்கம் போனது. எர்ணாவூர் குப்பத்தில் சித்தப்பாவுக்குச் சொந்தப் படகு. அவர் படகில் வரும் மீன்தான் வேண்டும் என்று முடிவானது. யார் போய் எடுத்து வருவது?

"ஒரு ஆட்டோ புடிச்சிக்கினு போய்ட்டு வந்துரு" என்றார் அம்மா.

"வாசல்ல கார் நிக்கிது. லைசென்ஸ் கீது. ஆட்டோ எதுக்கு?"

"கார் நிக்கிறது தெரியுதுடி. ஓடுமான்னுதான் தெரியல."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன். மலர் வாசல் வரை வந்து, "அக்கா, என் மானமே உன் கைலதான் கீது, சீக்கிரம் வந்துரு" என்றாள். அத்திப்பட்டில் காலை ஷிப்டில் இருந்த என் கணவரிடம் மட்டும் சொல்லவில்லை. (அவர் என்னை விடக் காரை அதிகம் நேசிப்பவர்.)

போகும்போது ஒரு வம்பும் இல்லை. கடலோர எக்ஸ்பிரஸ் சாலையில் வடக்கே போகிற பக்கம் காலியாகக் கிடந்தது. முழுத் தூரமும் இரண்டாவது கியரிலேயே போனேன். என்னை முந்திக்கொண்டு போன சைக்கிள்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். குப்பத்தில் சித்தப்பா தெர்மாகோல் பெட்டி நிறைய வஞ்சிரமும் இறாலும் ஐஸும் போட்டு டிக்கியில் வைத்தார். "மத்தியானம் வரிக்கும் ஐஸ் தாங்கும். எங்கயும் நிக்காம போ" என்றார்.

திரும்பி வரும்போது எனக்கு முன்னால் ஒரு டிரெய்லர் லாரி போனது. பச்சைக் கண்டெய்னர். முன்னால் போகிற வண்டி நின்றால் நீயும் நிற்க வேண்டும், முந்துவதெல்லாம் அப்புறம், என்பது பாய் சொன்ன முதல் பாடம். எனக்குப் பிடித்த ஒரே பாடமும் அதுதான். டிரெய்லர் நின்றது. நானும் நின்றேன். பின்னால் நீலக் கண்டெய்னரோடு ஒரு டிரெய்லர் வந்து நின்றது. வலது பக்கத்திலும் வரிசையாக டிரெய்லர்கள் சேர்ந்துகொண்டன. இடது பக்கம் கடல் அரிப்புக்குப் போட்ட பாறைகள், அதற்கப்பால் கடல். சிக்னல் போலிருக்கிறது என்று ஹேண்ட் பிரேக்கை ஒழுங்காகப் போட்டுவிட்டு, என் பொறுமையை நானே மெச்சிக்கொண்டு காத்திருந்தேன்.

வெகு நேரம் கழித்து, பச்சைக் கண்டெய்னர் டிரைவர் இறங்கினார். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தார். பம்ப் ஸ்டவ் ஒன்றை எடுத்து வைத்து, சோற்றுக்கு உலை ஏற்றினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். துறைமுகத்துக்குள் போவதற்காகக் கண்டெய்னர் லாரிகள் நாள் கணக்கில் நிற்கிற இந்த வரிசையைப் பிறந்ததிலிருந்து பஸ் ஜன்னல் வழியாகத் திட்டியவள். அந்த வரிசையில்தான் டோக்கன் இல்லாமல், கண்டெய்னர் இல்லாமல், சிவப்பு நிறச் சின்னக் கார் ஒன்றில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன்.

பின் வண்டி டிரைவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். தண்டையார்பேட்டைக்காரர், பெயர் தாஸ்.

"இன்னாக்கா, வழி தவறிட்டியா? இது ஹார்பர் லைனு. சைடுல போவ வேண்டிதுதான, இன்னாத்துக்கு உள்ள பூந்த?"

"முன்னாடி வண்டி நின்னுது. நானும் நின்னேன்."

தாஸ் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பின்னால் ஒட்டியிருந்த சிவப்பு 'எல்' எழுத்தைப் பார்த்தார். லைசென்ஸ் வந்த பிறகும் அதைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை. "மாமு, இங்க வந்து பாரு" என்று முன்னால் இருந்தவரைக் கூப்பிட்டார். அவர் தூத்துக்குடிப் பக்கத்து ஐயாதுரை. இருவரும் வரிசையை அளந்து பார்த்துவிட்டு, ஒரு கார் வெளியே போக வழியே இல்லை, லைன் நகர்ந்தால் கூடவே நகர்ந்து கேட் வரைக்கும் போய்த்தான் திரும்ப வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

கணவருக்குப் போன் செய்தேன்.

"ரிவர்ஸ் எடு."

"பின்னாடி டிரெய்லர்."

"அப்போ ரைட்ல வெட்டு."

"ரைட்லயும் டிரெய்லர்."

அடுத்து, "கார்ல கோடு கீடு விழலையே?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அடுத்த போன் மலர். "அக்கா, அவங்க வந்துட்டாங்க. மோர் குடுத்துக் குடுத்து உக்கார வச்சிருக்கோம். எங்க கீற?" குரலில் அழுகை தெரிந்தது. டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஐஸ் பாதிக்கு மேல் தண்ணீர். எனக்கும் அழுகை வந்தது. கல்யாணமாகிப் போன வீட்டில் என் தங்கை காலம் முழுக்கக் கேட்கப்போகிற பேச்சு, அந்தப் பெட்டிக்குள் வெயிலில் கெட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் என் வாய்க்கொழுப்பு.

ஐயாதுரை பெட்டியை எட்டிப் பார்த்தார். "நல்ல மீனுல்லா இது. இன்னும் ஒரு மணி நேரம் போனா வீணாயிரும். பேசாம இங்கனயே கொழம்பு வச்சிருவோம். ஏற்கெனவே அடுப்பு எரியுது."

வேறு வழி எனக்கும் தோன்றவில்லை. தாஸ் மீனை வெட்டிக் கழுவினார். என் பங்குக்கு நான் வெங்காயம் உரித்தேன். அம்மாவுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டதுதான் தப்பாகப் போயிற்று.

"இன்னாது, ரோட்டுல கொழம்பா? யாருடி வக்கிறது?"

"நாந்தாம்மா, ஐயாதுரை. புளி கரைச்சாச்சு."

"எம்மாம் புளி? மீனு எம்மாம் கீதுன்னு பாத்துக் கரைச்சியா? சரி, தூள் இன்னா தூளு?"

"வீட்டுக்காரி அரைச்சுக் குடுத்ததும்மா."

"அதெல்லாம் வாணாம். எங்க வூட்டுக் கொழம்புக்கு எங்க வூட்டுத் தூளுதான்."

"உங்க தூளு ராயபுரத்துல இருக்கு, மீனு இங்க இருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

அம்மா உப்புக் கணக்குக்குத் தாவினார்.

குழம்பு கொதிக்கும்போது லைன் நகர்ந்தது. ஐயாதுரை அடுப்பை அணைத்து, குண்டானைக் கேபினில் ஏற்றி, ஒரு வண்டி நீளம் போய் நிறுத்தி, மறுபடி இறக்கிப் பற்றவைத்தார். ஒவ்வொரு நகர்வுக்கும் நான் காரை அணைத்தேன். அணைத்தபோதெல்லாம் தாஸ் பின்னால் ஹாரன் அடித்து, "கிளட்ச்சை மெதுவா வுடுக்கா, கார் உன்ன கடிச்சிடாது" என்று கத்தினார். குழம்பு சுண்டி எண்ணெய் மேலே வந்த நேரத்தில், முதல்முறையாக என் கார் குலுங்காமல் நகர்ந்தது. கிளட்ச்சில் இருந்தது என் கால் மட்டும்தான். வரிசையில் இருந்த டிரைவர்கள் கைதட்டினார்கள்.

குழம்பை எடுத்துப் போக வீட்டிலிருந்து வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் புது மாப்பிள்ளை. பட்டு வேட்டியோடு ஆட்டோவில் எதிர்ப்பக்கம் வந்து இறங்கி, சென்டர் மீடியனைத் தாண்டி, போனில் பேசிக்கொண்டே ஒவ்வொரு லாரியாகத் தேடி வந்தார்.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவுல."

வந்தவரை டிரைவர்கள் வெறும் வயிற்றோடு அனுப்புவார்களா? டயர் நிழலில் பேப்பர் விரித்து உட்கார வைத்துச் சுடுசோறு போட்டார்கள். விருந்தின் நாயகன் விருந்துக்கு முன்பே, டிரெய்லர் டயரில் சாய்ந்துகொண்டு மூன்று முறை சோறு வாங்கினார். டிரைவர்கள் பங்கு போக மீதியைக் குண்டானோடு மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். அந்தப் பட்டு வேட்டியின் மஞ்சள் கறை இன்றுவரை போகவில்லை.

நான் கேட்டை அடைந்தபோது விளக்கு போட்டுவிட்டார்கள். செக்யூரிட்டி குனிந்து பார்த்து, "இன்னா லோடு?" என்றார்.

"மீன்."

"எங்க?"

"தின்னுட்டாங்க."

அவர் தடுப்பை நகர்த்தி, கார் திரும்ப வழி விட்டார். அங்கிருந்து வீடு வரை ஒருமுறைகூட அணைக்காமல் ஓட்டி வந்தேன். மூன்றாவது கியர்கூடப் போட்டேன். பார்க்கத்தான் ஆள் இல்லை.

வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு குழம்பை நான் சாப்பிட்டதே இல்லம்மா" என்றார். மலர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அம்மா மட்டும் அடுக்களையில் பாத்திரத்தை வைக்கிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. இரண்டு வாரத் தூக்கத்தைத் தொலைத்தது அவர், பேர் வாங்கியது தூத்துக்குடி மிளகாய்த் தூள்.

இப்போதும் மாப்பிள்ளை வந்து இலையில் உட்கார்ந்ததும், "அத்தை, இன்னைக்கு வீட்டுக் குழம்பா, லைன் குழம்பா?" என்று கேட்பார். அம்மா அந்தக் கோபத்தை என்மேல் காட்டுவார். நான் மீஞ்சூர் வரைக்கும் தனியாக ஓட்டிக்கொண்டு போய் வருகிறேன். இருந்தாலும் கார் சாவியை எடுத்தால் போதும், அடுக்களையிலிருந்து குரல் வரும்:

"அடுப்பு எடுத்துக்கினியாடி?"

எல்லோரும் சிரிப்பார்கள். நான் சாவியைச் சுழற்றிக்கொண்டு போய்விடுவேன். டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், ஒரு பம்ப் ஸ்டவ்வும் அம்மாவின் மிளகாய்த் தூள் பொட்டலம் ஒன்றும் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.