மாமனார் மிதந்த காலை

பதினெட்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பொருள் ஏன் மிதக்கிறது, ஏன் மூழ்குகிறது என்ற பாடத்தை மட்டும் குறைந்தது ஐம்பது தடவை நடத்தியிருப்பேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் ஒப்பிப்பேன். அப்பேர்ப்பட்ட நான்தான் என் சொந்த மாமனாரின் அஸ்திக் கலயத்தைக் கடலில் மூழ்கவிடாமல் மிதக்க வைத்தவன். இதை மறைத்துப் பயனில்லை. பினாங்கில் எங்கள் சொந்தக்காரர்களில் இந்தக் கதை தெரியாதவர் கிடையாது. (தெரியாத ஓரிருவருக்கும் என் மச்சான் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.)

மாமனார் கெப்பாலா பத்தாஸில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். வீடு தீவில், ஜார்ஜ்டவுனில். முப்பது வருடம் தினமும் ஃபெர்ரி ஏறி அக்கரைக்கு வேலைக்குப் போய் வந்தார். ஆனால் தண்ணீர் என்றால் அவருக்கு அப்படியொரு பயம். கடல் கண்ணில் படாத நடு பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்து, கரை தட்டும்வரை கண்ணை மூடிக்கொண்டே போவாராம். அந்தப் பயத்திலிருந்துதான் அவருக்கு அந்தக் கேள்வி பிறந்திருக்க வேண்டும். பிசிக்ஸ் படித்த மாப்பிள்ளை வாய்த்ததும், முதல் வருடமே என்னிடம் கேட்டுவிட்டார்.

"மாப்பிள்ளே, அஞ்சு காசப் போட்டா டப்புனு முழுகிடுது. இத்தன காடி, லாரியெல்லாம் வயித்துல ஏத்திக்கிட்டு அந்த இரும்பு ஃபெர்ரி மட்டும் எப்படி மெதக்குது?"

நான் அப்போது தொலைக்காட்சியில் பூப்பந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "அது ஆர்க்கிமிடிஸ் தத்துவம், மாமா" என்றேன். "ஓ" என்றார். அந்த 'ஓ'வில் ஒன்றும் புரியவில்லை என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. இருந்தாலும் ஆட்டம் மூன்றாவது செட்டில் இருந்தது.

சில வருடம் கழித்து இரண்டாவது முறை கேட்டார். அன்று பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "ஃபார்ம் ஃபோர் பிசிக்ஸ் புத்தகத்துலயே இருக்கு மாமா, படிச்சிப் பாருங்க" என்று புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, அழகாகப் பழுப்பு அட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எழுத்து ரொம்பப் பொடியா இருக்கு மாப்பிள்ளே" என்றார். நான் அட்டைக்கு நன்றி சொன்னேன். (இப்போது நினைத்தால் என்னை நானே பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைக்கலாம் போலிருக்கிறது.)

மூன்றாவது முறை அவர் படுக்கையில் விழுவதற்கு ஒரு மாதம் முன்பு. "சாவகாசமா ஒரு நாள் உக்காந்து சொல்றேன், மாமா" என்றேன். சாவகாசம் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

மின்சுடலையில் எல்லாம் முடிந்து, மறுநாள் காலை அஸ்தி கரைக்க வேண்டும். என் மனைவி கோமதி என்னைத் தனியாக அழைத்தாள். அவர்கள் வீட்டு வழக்கப்படி பெண்கள் படகில் ஏறுவதில்லை. கரையோடு நின்றுவிட வேண்டும்.

"என்னங்க, அப்பாக்குத் தண்ணின்னா பயம். தூக்கிப் போட்டுடாதீங்க. மெதுவா, பதமா விடணும். அண்ணன் அழுதுக்கிட்டே இருப்பான், அவன நம்ப முடியாது. நீங்கதான் பாத்துக்கணும். இந்த ஒரு வேலதான் உங்ககிட்ட கேக்கறேன்."

அந்த ஒரு வேலையை உலகம் மெச்சச் செய்து காட்டுவது என்று முடிவெடுத்தேன். என் சித்தப்பாவின் அஸ்தியைக் கரைத்தபோது காற்று திரும்பி அடித்து, படகில் இருந்த அத்தனை பேர் சட்டையிலும் சித்தப்பா படிந்துவிட்டார். அந்தக் கதி மாமாவுக்கு வரக் கூடாது. ஆகவே விடியற்காலையில் எழுந்து, மண் கலயத்தின் மூடிமேல் சமையலறையில் மிச்சக் கறியை மூடும் பிளாஸ்டிக் தாளை நாலு சுற்றுச் சுற்றினேன். அதன்மேல் அகலமான டேப்பை மூன்று சுற்று. அதன்மேல் சிவப்புத் துணி, பிறகு மாலை. தலைகீழாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஒரு பொடி வெளியே வரவில்லை. பெருமையாக இருந்தது.

கெலுகோர் பக்கம் மீனவர்கள் படகு கட்டும் துறைக்குப் போனோம். சடங்கு செய்ய வந்த பண்டாரம் கலயத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மூடிய லூசா வெக்கணும், தம்பி" என்றார். "நான் பாத்துக்கறேன் ஐயா" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, முக்கியமான ஒன்றைச் சொன்னார்: "தண்ணியில விட்டதும் அப்படியே வந்துடணும். யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா அவரும் திரும்பிப் பாப்பாரு."

படகில் மூன்று பேர். நான், கோமதியின் அண்ணன் பாலன் மச்சான், படகுக்காரர் குமார் அண்ணன். கரையில் நிற்பவர்களின் சேலை நிறம் தெரியும் தூரத்தில் குமார் அண்ணன் இயந்திரத்தை நிறுத்தினார். கோமதி வெள்ளைச் சேலையில் கையைக் கூப்பிக்கொண்டு நிற்பது தெரிந்தது. பாலன் மச்சான் விசும்பிக்கொண்டே கலயத்தைத் தண்ணீரில் வைத்தார். நான் மெதுவாகக் கையை எடுத்தேன். சத்தமே இல்லை. கோமதி கேட்ட மாதிரியே, பதமாக. நாங்கள் இருவரும் முன்பக்கம் திரும்பி, கரையைப் பார்த்துக்கொண்டு, சிலை மாதிரி உட்கார்ந்தோம்.

மரியாதைக்காக, குமார் அண்ணன் கொஞ்ச தூரம் துடுப்புதான் போட்டார். துடுப்பு வலிக்கிறவர் பின்பக்கம் பார்த்துத்தானே உட்கார வேண்டும்? பத்துத் தடவை வலித்திருப்பார்.

"வாத்தியாரே."

"ம்?"

"திரும்பாதீங்க. ஆனா உங்க ஆளு பின்னாடியே வர்றாரு."

"யாரு?" என்றார் மச்சான்.

"உங்கப்பாதான். வேற யாரு இங்க வரப்போறா?"

மச்சான் அழுகையை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொன்னாரே பண்டாரம்!"

"விட்டப்புறம்தானே பாக்கக் கூடாது? அவரு இன்னும் போகவே இல்லையே லா!" என்றார் குமார் அண்ணன்.

திரும்பினேன். மாலையும் சிவப்புத் துணியுமாக, கழுத்தளவு தண்ணீருக்கு மேலே, மாமா அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்தார். கடல் ஏறுகிற நேரம். எங்களைத் தாண்டி, நேராகக் கோமதி நிற்கும் கரையை நோக்கிப் போக ஆரம்பித்தார்.

துடுப்பை வாங்கி ஓர் அமுக்கு அமுக்கினேன். உள்ளே போனவர், துடுப்பு வழுக்கியதும் படகின் மறுபக்கம் பொளக் என்று எழும்பினார். இன்னும் ஆழமாக அமுக்கினேன். இன்னும் வேகமாக எழும்பினார். வகுப்பில் இதே பரிசோதனையை ஒரு பந்தும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்து எத்தனை முறை செய்து காட்டியிருப்பேன்! அப்போதெல்லாம் மாணவர்கள் கைதட்டுவார்கள்.

"எங்கப்பாவ அடிக்காத!" என்று மச்சான் கத்தினார். அந்தச் சத்தம் கரைவரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள். கூப்பியிருந்த கோமதியின் கைகள் இறங்கி வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

குமார் அண்ணன் கலயத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். துணியை விலக்கிப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத யாரு இப்படிச் சுத்துனது?"

நான் துடுப்பைக் கீழே வைத்தேன்.

"காத்து வெளிய போனாத்தானே தண்ணி உள்ள போவும், வாத்தியாரே. இது தெரியாதா?"

மீன் வெட்டும் கத்தியைக் கொடுத்தார். டேப்பை அறுத்து, மூடியைத் திறந்து, கலயத்தை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்தேன். குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலயம் கனத்தது. அந்தக் கனத்தை உள்ளங்கையில் உணர்ந்தேன். "காத்துதான், மாமா" என்றேன். "ஃபெர்ரியும் அப்படித்தான். உள்ளே இருக்கிற காத்துதான்." மேலே சொல்வதற்குள் கை காலியாகிவிட்டது.

கரையேறியதும் கோமதி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஒரே ஒரு வேலதான் கேட்டேன்." அதன்பிறகு பதினாறாம் நாள் காரியம்வரை என்னிடம் பேசவில்லை.

பதினாறாம் நாள், சாப்பாட்டுப் பந்தியில் பாலன் மச்சான் முழுக் கதையையும் நடித்துக் காட்டினார். "இதுல என்ன கூத்துன்னா, கடைசியில அப்பாகிட்ட பாடம் வேற நடத்துறாரு லா!" வாய்விட்டுச் சிரித்தவர்களில் கோமதியும் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் சமையலறைக்குள் போய் அழுதாள். இரண்டுக்கும் நான்தான் காரணம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில், விருந்தாளி யாராவது விடைபெற்றுவிட்டு வாசலிலேயே ஒரு மணி நேரம் நின்று பேசினால், "டேப்ப அறுத்து விடுங்க லா" என்பார்கள். நான் யாருக்காவது கறி கட்டிக் கொடுத்தால், காற்றுப் போக ஓட்டை விட்டேனா என்று கேட்காதவர் இல்லை. நானும் சிரித்துக்கொள்கிறேன். வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியவன்தானே.

போன மாதம் கெப்பாலா பத்தாஸில் ஒரு கல்யாணம். பாலம் வழியாகக் காடியில் போகலாம் என்றேன். கோமதி ஃபெர்ரியில்தான் போக வேண்டும் என்றாள். ஏறியதும் நடு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஓர் ஐந்து காசை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அப்பாகிட்ட பாதியில விட்டீங்களே, அத முழுசா சொல்லுங்க."

சொன்னேன். தண்ணீருக்குள் ஆழம் போகப் போக அழுத்தம் கூடும் என்றேன். அதனால் ஒரு பொருளை மேலிருந்து அமுக்குவதைவிட அடியிலிருந்து தள்ளுவது அதிகம், அந்த வித்தியாசம்தான் தூக்குகிறது என்றேன். எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடைக்குத்தான் தூக்கும். காசு தம்மாத்துண்டு. அது ஒதுக்கும் தண்ணீர் அதன் எடையைத் தூக்கப் போதாது. ஃபெர்ரியின் இரும்பு கனம்தான், ஆனால் அதன் வயிறு முழுக்கக் காற்று. பெரிய வயிறு, ஏகப்பட்ட தண்ணீரை ஒதுக்கிவிடுகிறது. அதனால் தன் எடை மொத்தத்தையும் தண்ணீரே தாங்கும் அளவுக்கு மட்டும் அமிழ்ந்து, மிச்சம் தண்ணீருக்கு மேலே தெரிய மிதக்கிறது.

சொல்லி முடித்தபோது ஃபெர்ரி இன்னும் பாதிக் கடலில்தான் இருந்தது. கோமதி காசைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்" என்றேன்.