ஆம் என்று எழுதிய சுண்டெலி

ஒரு காட்டில், அதாவது ஆறு கடலில் கலக்கும் இடத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்கும் அலையாத்திக் காட்டில், மட்டிப் பரிசோதனை அலுவலகம் ஒன்று இருந்தது. நீர்நாய் கூடையில் மட்டிச் சிப்பிகளைக் கொண்டுவரும். அலுவலகத்துச் சுண்டெலி அதிலிருந்து ஒரு மட்டியை எடுத்துத் தின்னும். கால் மணி நேரம் கழித்து அது படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால், அதிகாரியான கொக்கு முத்திரை குத்தும். உடனே கூடை விற்பனைக்குப் போகும்.

பவளம் என்ற சுண்டெலி அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று தண்ணீர் செங்கல் நிறத்தில் இருந்தது. அப்படி நிறம் மாறினால் மட்டிக்குள் விஷம் ஏறும் என்று பவளம் கல்லூரியில் படித்திருந்தது.

"ஐயா, தண்ணி சிவந்திருக்கே."

"நிறத்துக்குப் படிவத்துல இடம் இல்லைம்மா," என்றது கொக்கு. "பழைய கோப்பைப் பாரு. மூணு வருஷத்துல ஒரு மட்டியிலகூட விஷம் இருந்ததில்லை."

பவளம் கோப்பைப் புரட்டியது. ஒவ்வொரு படிவத்திலும் ஒரே கேள்விதான்: 'மட்டியைத் தின்றதும் இறந்தீர்களா?' எல்லாவற்றிலும் 'இல்லை' என்றே எழுதி, கீழே கையெழுத்தும் இருந்தது.

"எனக்கு முன்னாடி இங்க எத்தனை பேர் ஐயா வேலை பார்த்தாங்க?"

"பதினேழு பேர். எல்லாரும் ஒருநாள் படிவத்தை அப்படியே போட்டுட்டு மேசையிலயே படுத்துட்டாங்க. பொறுப்பே கிடையாது. கையெழுத்தில்லாத படிவத்தை நாங்க கோப்புல சேர்க்கறதில்லை."

பவளம் கோப்பை மூடி வைத்தது.

"ஏம்மா, மட்டி வாங்க நாப்பது பேர் வரிசைல நிக்கறாங்க," என்றது நீர்நாய். "முன்னாடி இருந்த பொண்ணு இவ்வளவு கேள்வி கேக்காது."

"அந்த அக்கா இப்ப எங்க அண்ணே?"

நீர்நாய் கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"நான் தின்னாம வீட்டுக்குப் போயிடட்டுமா ஐயா?"

"தாராளமா. ஆனா கடமை தவறினா பாம்புப் பிரிவுக்கு மாற்றல் வரும்."

பவளம் சற்று யோசித்தது. மட்டியைத் தொடாமல் பேனாவை எடுத்தது. 'ஆம்' என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டு, அழகாகக் கையெழுத்திட்டு நீட்டியது.

கொக்கு படிவத்தை மூன்று முறை படித்தது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது.

"கூடையைக் குழி தோண்டிப் புதைச்சிடு," என்றது நீர்நாயிடம். "இந்தப் பொண்ணு இறந்துடுச்சு."

"இதோ நிக்குதே."

"கையெழுத்து யாரோடது?"

"அதோடதுதான். கண்ணெதிரே போட்டுது."

"அப்புறம் என்ன?"

நீர்நாய் தலையைச் சொறிந்தது. "சரி, வேற கூடை கொண்டாரேன். அதையாவது தின்னச் சொல்லுங்க."

"இறந்தவங்ககிட்ட வேலை வாங்க விதியில இடமில்லை."

அன்று மாலையே இரங்கல் கூட்டம் நடந்தது. பவளம் முன்வரிசையில் உட்கார்ந்து, பரிமாறிய சுண்டலை இரண்டு முறை வாங்கிக்கொண்டது. கொக்கு கண்ணைத் துடைத்தபடி பேசியது: "நம் அலுவலக வரலாற்றிலேயே, படிவத்தை முழுமையாக நிரப்பிவிட்டு இறந்த முதல் ஊழியர் இவர்தான். இனி வருபவர்கள் இவரைப் பின்பற்ற வேண்டும்."

மறுநாள் ஐந்து சுண்டெலிகள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தன. மட்டிக் கூடை வருவதற்குள் ஐந்தும் பின்பற்றிவிட்டன.

நீதி: பிழைத்திருக்க விரும்புகிறவர்கள் முதலில் முறைப்படி இறந்துவிட வேண்டும், கையெழுத்து தெளிவாக இருக்கட்டும்.