முனியாண்டிக்கு நேர்ந்த நாரைகள்

"இன்னிக்கு வர்ற அதிகாரி துவான் கண்ணுல ஒரு நாரை கூட படக்கூடாது! அடிங்கடா உருமிய!" என்று கத்தினார் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் உடையப்பன்.

கோலா சிலாங்கூர் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து பெரிய சாலை வரைக்கும் வெறும் சேறுதான். அவர் மகள் கங்காவைப் பெண் பார்க்க ரவாங்கிலிருந்து வந்த சம்பந்தியின் ஒரு கால் சப்பாத்து இன்னும் அதற்குள்தான் கிடக்கிறது. "மொதல்ல தார் ரோட்டு வரட்டும், அப்புறமா கல்யாணத் தேதி பாக்கலாம்" என்று மிச்சமிருந்த ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டிக்கொண்டே காரேறிவிட்டார் மனுஷன்.

உடையப்பன் ரோட்டுக்கு மனுப் போட்டார். பாதையோரச் சதுப்பில் காட்டுப் பறவைகள் உண்டா என்று அதிகாரி நேரில் வந்து பார்த்த பிறகுதான் முடிவு என்று பதில் வந்தது. போன வருஷம் கடலோரம் கட்டடம் கட்ட வந்தவர்களைப் பறவைகளுக்காகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சாப்பாட்டுக் கடையில் பேச்சு. உடையப்பனுக்கு அது போதுமே! மகள் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்பது நாரைதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

உருமி அதிர்ந்தது. சதுப்பில் நின்ற நாரைகள் எழும்பி, ஒரு வட்டம் போட்டு, லயத்துக் கூரைமேல் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

"சேத்துல நின்னத வீட்டுக்குக் கூட்டியாந்துட்டீங்க" என்றாள் மனைவி நல்லம்மாள்.

"சும்மா இரு லா. கருவாடு இருக்கா?"

கூரையில் இருந்தவற்றை ஆசை காட்டி இழுக்கலாம் என்று, கருவாட்டை வழிநெடுக இறைத்துக்கொண்டே ஆற்றங்கரைக்கு ஓடினார். கூரை நாரைகள் அசையவில்லை. ஆற்றங்கரை நாரைகள்தான் கருவாட்டைப் பொறுக்கியபடி அவர் பின்னாலேயே லயத்துக்கு வந்து சேர்ந்தன. வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

"கொழம்புக்கு வெச்சிருந்த கருவாடும் போச்சு" என்றாள் நல்லம்மாள்.

அவர் பதில் சொல்வதற்குள் ஜீப் வந்துவிட்டது. அதிகாரி இறங்கி, கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இதெல்லாம் என்ன?" என்று மலாயில் கேட்டார்.

உடையப்பன் சுற்றும் முற்றும் பார்த்தார். முனியாண்டி கோயில் முன்னால் நேர்ந்து விட்ட சேவல் ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. சாமியே வழி காட்டினது மாதிரி இருந்தது அவருக்கு.

"கோழி, துவான்."

"இவ்வளவு உயரமாவா?"

"சாமிக்கு நேர்ந்து விட்டது, துவான். நாங்க அறுக்க மாட்டோம். அது பாட்டுக்கு வளந்துக்கிட்டே போவுது."

நல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் பெற்ற வயிறு சும்மா இருக்குமா? மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக ஓடி வந்து, கூரையைப் பார்த்துத் தெளித்து ஒரு குலவை போட்டாள். லயத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு நாரை கூட நகரவில்லை. கருவாடு கொடுத்த வீடாயிற்றே!

அதிகாரி இரண்டடி பின்வாங்கினார்.

"சாமி விஷயமா? அப்படின்னா நான் தலையிட மாட்டேன். காட்டுப் பறவை எதுவும் இல்லன்னு எழுதிடறேன்."

எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். உடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "கங்கா, ஒனக்குக் கல்யாணம்டி!" என்று லயத்தைப் பார்த்துக் கூவினார்.

ஜீப் சேற்றில் புதைந்தது. உடையப்பன் முட்டுக்கொடுத்துத் தள்ளினார். சக்கரம் வாரி எறிந்த சேற்றோடு சம்பந்தியின் சப்பாத்தும் வெளியே வந்து விழுந்தது. இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா? அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜீப் டிரைவர் செல்லனிடம் போனார்.

"தம்பி, ரோட்டு வேலய எப்ப ஆரம்பிப்பாங்க?"

"எந்த ரோட்டுண்ணே? நாரை பாக்க வர்ற வெள்ளக்காரங்களுக்காகத்தான் இங்க தார் ரோட்டு போடறதா இருந்தாங்க. கோழி பாக்க யாருண்ணே வருவா?"