கார்புரேட்டரும் காதுகுத்தும்

"ஏங்க, இன்னும் சொட்டுதா?"

"சொட்டல. லேசா கசியுது."

சுடலைக்கண்ணன் சொன்னது முழுப் பொய். மும்பை தாராவிச் சந்தில் நின்ற அந்தக் கிழட்டு மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் நிற்காமல் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் அவன் கழற்றி மாட்டுகிற வண்டி. இன்றைக்குப் பத்தரைக்குச் சீத்தா கேம்ப்பில் தங்கை முத்துமாரியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மாமன் சொந்த வண்டியில்தான் வந்து இறங்குவான் என்று போன் போட்டு எல்லாரிடமும் அளந்திருந்தான்.

மணி எட்டு. பக்கத்துப் பட்டறை மெக்கானிக் நாகூர் கனி எட்டிப் பார்த்தார்.

"உள்ள ஊசி மாட்டியிருக்கும். ஸ்பேனரால லேசா தட்டும்."

லேசாகத் தட்டுவது எப்படி என்று சுடலைக்கண்ணனுக்குப் பிறவியிலேயே தெரியாது. தட்டியதில் சொட்டு ஒழுக்காயிற்று.

"அரே, லேசான்னேனே!"

டேங்க் குழாயை மூடப் போனான். பிடி கையோடு வந்துவிட்டது. கீழே பக்கெட்டை வைத்துவிட்டு, கார்புரேட்டர் அடிமூடியின் திருகை இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரே ஒரு சுற்று என்று இறுக்கினான். மரை தேய்ந்து போயிற்று.

இருபது வருஷமாகத் தோல் பை தைக்கிறவன். எந்த ஓட்டைக்கும் தோல்தான் மருந்து என்பது அவன் கட்சி. நல்ல துண்டாக எடுத்து வட்டமாக வாஷர் வெட்டினான். பழக்கதோஷத்தில் ஓரத்தில் தையலும் போட்டான்.

"வாஷருக்குத் தையலா? கிழிஞ்சுது போம்!" என்றார் கனி.

பெட்ரோல் குடித்த தோல் உப்பி மூடியையே தள்ளியது. இப்போது கொட்ட ஆரம்பித்தது.

வாசலில் அவன் மனைவி விஜயராணி நிதானமாகப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். "இந்த நாத்தத்துல அடுப்பு பத்த வைக்க முடியாது. காபி கடையிலதான்."

"ஏட்டி, என் மானம் போவுது, ஒனக்குக் காபியா?"

போன் அடித்தது. முத்துமாரி.

"அண்ணே, கெளம்பிட்டியா?"

"சயான் சிக்னல்ல நிக்கேன்மா!"

"டேங்க் காலி!" என்று கனி கத்தினார்.

"அது யாருண்ணே சிக்னல்ல?"

சுடலைக்கண்ணன் போனை வைத்துவிட்டான். மணி பத்தே முக்கால். ஒழுக்கு நின்றிருந்தது.

"நின்னுட்டு பாய்!"

"பெட்ரோல் தீந்தா நிக்காம?"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "எம் மருமவள எவன் மடியில உக்கார வச்சானுவளோ!"

ஆட்டோ பிடித்தார்கள். அவன் சட்டையிலிருந்து அடித்த வாடையில் டிரைவர் பீடியை வெளியே எறிந்தார். கோவண்டி நெரிசலைத் தாண்டி இறங்கும்போது பன்னிரண்டேகால். கரிக் கையோடு சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினான். பந்தியும் இல்லை, கூட்டமும் இல்லை. காது குத்த வந்த ஆசாரி மட்டும் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆசாரி, எல்லாம் முடிஞ்சுட்டா? யாரு மடியில வச்சுக் குத்துனிய?"

"எங்க குத்த? எல்லாருக்கும் ஒண்ணரைன்னுதான் பத்திரிக. மாமன் பைக்குல வாராருன்னு தெரிஞ்சதும், பத்தரைன்னு ஒங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு அடிச்சாவ!"