வலது பக்கம் ஆயில், இடது பக்கம் கிரீஸ்

மதிப்பிற்குரிய இளைய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். நலமாக இல்லாதது நம் டிரெய்லர் மட்டும்தான். மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தக்கூடாது என்று உங்கள் அத்தை போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் எழுதுகிறேன். எழுத்துக்குச் சத்தம் கிடையாது பாருங்கள்.

போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது வண்டியின் சக்கரங்களைக் கழற்றி, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைத் திறந்து போட்டிருந்தோம். பேரிங்கிலிருந்து பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதிது அடைக்கிற நேரம். எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர் நீங்கள் பேசாமல் காபியைக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். குனிந்து பார்த்தீர்கள். "என்ன மாமா, இன்னுமா கிரீஸ்? இவ்வளவு பாரம் இழுக்கிற வண்டிக்கு ஆயில்தான் மாமா. உள்ளேயே சுத்தி ஓடும், சூட்டைத் தணிக்கும்" என்றீர்கள். மறுநாளே டின் வந்து இறங்கியது. ஆயில் கசியாமல் இருக்க அதற்கென்று தனி சீல், தனி மூடி எல்லாம் கூடவே வந்தது. ஆனால் அதற்கு முந்தின நாளே, உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மூத்த மாப்பிள்ளை ஒரு வாளி கிரீஸ் அனுப்பிவிட்டாரே! "ஆயில் ஒழுகிடும் மாமா, கிரீஸ்தான் நிக்கும்" என்பது அவர் கட்சி.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. உங்கள் டின்னைத் திறக்காவிட்டால் சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவர் வாளியைத் திறக்காவிட்டால் பெரியவள் போனை எடுக்க மாட்டாள். உங்கள் அத்தைதான் வழி சொன்னாள். "வண்டிக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல? ஆளுக்கு ஒரு பக்கம் விட்டுக் குடுங்க." மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, இது வண்டியா, பூர்வீகச் சொத்தா? பாகம் பிரிக்கிறீங்களே!" என்றார். பிரித்தோம். வலது பக்கச் சக்கரங்களுக்கு உங்கள் ஆயில், இடது பக்கத்துக்கு அவர் கிரீஸ்.

மாப்பிள்ளை, நான் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வாரம் ஓடியிருக்கும், டிரைவர் வந்து நின்றான். "பிரேக் அடிச்சா வண்டி இடது பக்கமே இழுக்குதுங்க" என்றான். வண்டிகூட மூத்தவர் கட்சிக்குப் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் இரும்பு ஆலை வாசலில், சரக்கோடு நிற்கும்போது, வலது பின்சக்கர ஹப்பிலிருந்து குபுகுபுவென்று புகை. உங்க பக்கம்தான் மாப்பிள்ளை, உங்க பக்கமேதான்! காவலாளி தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஹப்பின் மேல் அடித்ததைவிட டிரைவர் மேல் அடித்ததுதான் அதிகம். அவன் தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்று தும்முகிறான். ஆலை அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "பெரியவரே, திங்கட்கிழமை வண்டியை முழுசா சோதிப்போம். அப்புறம் ஒரு தடவை புகைஞ்சாலும் இந்த வாசல்ல உங்க வண்டி நுழையாது" என்று சொல்லிவிட்டார். நமக்கு இருப்பது ஒரு வண்டி, போவது அந்த ஒரு வாசல். அது மூடினால் டிரெய்லரில் துணிதான் காயப்போட வேண்டும்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இனிமேல் எல்லாச் சக்கரத்துக்கும் கிரீஸ்தான். யார் முகம் எங்கே போனாலும் சரி. மீதி ஆயிலைத் திருப்பி அனுப்புகிறேன். என் ஹப்புக்குள் என்ன ஊற்றுவது என்று இனி நான் மட்டும்தான் சொல்வேன். படித்தவர்கள் யோசனையெல்லாம் உங்கள் கம்பெனிக்குள்ளேயே சுற்றி ஓடட்டும், அங்கேயே சூட்டைத் தணிக்கட்டும்.

நீங்களும் என் மகளும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்ற ஆசிகளோடு,

உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மெக்கானிக் ஓடி வந்தார். புகைந்த ஹப்பைத் திறந்திருக்கிறார். உள்ளே உங்கள் ஆயிலின் மேல், கழுத்து வரைக்கும் மூத்தவரின் கிரீஸ்! ஆயில் ஓட வழியில்லாமல் ஹப் கொதித்து, சீலும் வெளியே பிதுங்கி, பிரேக் எல்லாம் எண்ணெயாகிவிட்டதாம். டிரைவரை உலுக்கினேன். "அம்மாதாங்க அடைக்கச் சொன்னாங்க" என்கிறான். உங்கள் அத்தையைக் கேட்டேன். "அந்த ஒரு சக்கரத்துல, ஊத்தும்போது சிந்தினது சொட்டிக்கிட்டு இருந்துச்சு. மாப்பிள்ளை குடுத்த ஆயில் ஒழுகுதுன்னு தெருவுல நாலு பேர் பேசினா நல்லாவா இருக்கும்? அதான் கொஞ்சம் கிரீஸை வச்சு அடைக்கச் சொன்னேன்" என்கிறாள். உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் வண்டியைக் கொளுத்தியிருக்கிறாள். இடது பக்கத்தைவிட, கிரீஸ் படாத மற்ற வலது சக்கரங்கள் குளிர்ச்சியாக இருக்கின்றன என்று மெக்கானிக்கே தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆகவே இரண்டு பக்கமும் ஆயில்தான். இன்னொரு டின்னும் சீல்களும் திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும், மூத்த மாப்பிள்ளை காதுக்குப் போகாமல். அவர் வாளியைக் காலியாகக் காட்ட வேண்டும் என்பதால் வீட்டில் உள்ள கதவு, ஜன்னல், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் கிரீஸ் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருப்பேன். மாப்பிள்ளைக்கு எழுதியதைக் கிழிப்பது மரியாதை இல்லை என்று உங்கள் அத்தை விடவில்லை. தயவுசெய்து கடைசியிலிருந்து படித்து, பின்குறிப்போடு நிறுத்திக்கொள்ளவும்.